யார் நட்ட மரம்

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். “அக்கா, ஒங்க மரத்த எப்பத்தான் வெட்டப் போறீங்க?” என்றாள் இளையவள்.

“எங்க மரமா? அது நீ வச்சதுல்ல?”

அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே கொல்லை என்று பேச்சிலிருந்து புரிந்தது. நடுவில் வேலி போடும் தகராறில் மூன்று வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, போன வாரம்தான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

“நான் எங்கக்கா வச்சேன்? நீங்க ஆசையா வச்சதுன்னு கோடையில தண்ணிகூட ஊத்துனேன்.”

“அடிப்பாவி! நானும் ஒன் மரம்னுதான் கை வைக்கல. தொட்டா சண்டைக்கு வந்துருவியோன்னு பயம்.”

“அப்ப அது என்ன மரம்?”

மூத்தவள் பையிலிருந்து மஞ்சள் பூவோடு ஒரு கொப்பை எடுத்தாள். “காப்பிச் செடிக்கு நடுவுல எல்லாம் இதோட கன்னாக் கெடக்கேன்னு இன்னிக்கு நாத்துப்பண்ணைக்காரருகிட்ட காட்டுனேன். மஞ்சக்கொன்னையாம். வெளிநாட்டு மரம். மாடுகூடத் தின்னாதாம்.”

“வெட்டிருவமா?”

“வெட்டுனா ஒன்னுக்குப் பத்தாத் துளுக்குமாம். கன்ன வேரோட பிடுங்கணும், மரத்துக்கு அடிப்பட்டைய உரிக்கணும்னாரு.”

“எப்படிக்கா வந்துச்சு?”

“அது அவருக்கே தெரியல.”

இளையவள் கொப்பை வாங்கி, பூவை முகர்ந்து பார்த்தாள்.

“நாளைக்கு வெள்ளனே வந்துரு. நான் ஒருத்தியா பிடுங்க முடியாது. காப்பி எங்க வீட்ல குடிச்சுக்கலாம்” என்றாள் மூத்தவள்.

இளையவள் கொப்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சீனி கொஞ்சமாப் போடுங்கக்கா.”