மற்றும் சிலர்

திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் இடம் கிடைக்காமல் என் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள். இளையவள் கைபேசியை நீட்டி, "இந்த 'மற்றும் சிலர்'ல எங்க அப்பாவும் இருக்காருக்கா" என்றாள்.

பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய படம் அது. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்த அன்று அவர்கள் ஊர் மதகில் எடுத்தது. மேலே நின்ற பண்ணையார் குடும்பத்தாருக்கு மட்டும் பெயர் போட்டு, மற்றவர்களை 'மற்றும் சிலர்' என்று முடித்திருந்ததாம்.

"முதுகுதானடி தெரியுது?"

"குனிஞ்சு மதகுப் பலகையத் தூக்குறாரு, பின்ன எப்படித் தெரியும்? இடது கையால தூக்குறவரு ஊர்லயே அவருதான்."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"வீட்டுல அவரு படமே இல்ல. பொங்கலுக்கு வேட்டிய வச்சுத்தான் படைக்கிறோம். அடையாளம் சொல்ல ஊர்க்காரங்க இன்னொருத்தர் வந்தா, படத்துக்குக் கீழ பேரு போட்டு ஒரு பிரதியும் தர்றோம்னு நூலகத்துல சொன்னாங்க."

"அதுக்குத்தான் டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போறியா?"

"பக்கத்துல தலப்பாக்கட்டோட நிக்கிறது யாருன்னு பாருக்கா."

மூத்தவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தலைப்பாகை கட்டியவரின் முகத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"எங்க அப்பா பேருதான் மொதல்ல வரணும். அவருதான் மூத்தவரு."