எதிர்பாராத தோல்வி: பூஜ்ஜியம்

இறைச்சி சுடுகிற வாசனை வந்தால் எனக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிடும், ஐயா. உங்கள் விசாரணை அறை ஜன்னல் வழியாக இப்போது வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர். வால்பராய்சோ நகரத்துக் குன்றில் ஏறி இறங்கும் கேபின் வண்டிக்குப் பிரேக் போடும் மென்பொருளை நாங்கள்தான் எழுதினோம். நாங்கள் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். ஊரெல்லாம் அதை இணையத்திலிருந்து ஆயத்தமாக இறக்கிக்கொள்ளும். எங்கள் முதலாளி தோன் பெலிசாரியோ விடமாட்டார். மூலநிரலை எடுத்து எங்கள் கணினியிலேயே கட்டவேண்டும். கட்டியதும் அதோடு வரும் சோதனைகளை ஒன்றுவிடாமல் ஓட்டவேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும், ஆறு மணி நேரம் ஆகும். கடைசி வரியில் 'எதிர்பாராத தோல்வி: பூஜ்ஜியம்' என்று வந்தால்தான் அவர் முற்றத்தில் கரி பற்றவைப்பார். அது எங்கள் வழக்கம்.

அன்று செப்டம்பர் பதினேழு. மறுநாள் தேசத் திருநாள். எல்லோரும் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டுக் காத்திருந்தார்கள். சோதனை ஓட்டுவது என் வேலை.

"என்னடா ஃப்ளாக்கோ, முட்டை வந்துச்சா, இல்ல எங்களப் பட்டினி போட்டே கொல்லப்போறியா?" என்றாள் ஹிமேனா. பிரேக்கைச் சோதிப்பவள் அவள். முழங்கால் தேய்ந்தவள், வாய் மட்டும் தேயாதவள்.

முட்டை வரவில்லை, ஒரு தோல்வி வந்திருந்தது. மைனஸ் எண்களை ஒப்பிடும் சோதனை அது, கம்பைலர் எப்போதாவது தப்பாக ஒப்பிட்டது. வண்டி இறங்கும் வேகத்தை நாங்கள் மைனஸ் எண்ணாகத்தான் எழுதியிருந்தோம். ஒப்பீடு தப்பினால் இறங்கும்போது பிரேக் பிடிக்காது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. நான் முட்டாள் இல்லை, ஐயா.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் லட்சம் சோற்றை நசுக்கிப் பார்த்தாயிற்று, ஒன்றுதான் வேகவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. தோற்கும் என்று முன்பே தெரிந்த சோதனைகளுக்குக் கம்பைலரை எழுதியவர்களே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் பெயர் இருந்தால் அந்தத் தோல்வி கணக்கில் வராது. நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டினேன். மூன்று நிமிடம்.

"முட்டை" என்றேன்.

என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் முதல்முறை. ஹிமேனா முழங்காலை மறந்து, கைக்குட்டையைச் சுழற்றி என்னோடு ஆடினாள். தோன் பெலிசாரியோ முதல் துண்டை என் தட்டில் வைத்து, "சாப்பிடுப்பா, இன்னிக்கு நீதான் மாப்பிள்ள" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷத்தை ஒரு வரியில் கொடுக்க முடியும் என்றால் யார்தான் கொடுக்கமாட்டார்கள்?

அக்டோபரில் புது மென்பொருள் வண்டியில் ஏறியது. ஹிமேனா நாற்பது தடவை பிரேக் பார்த்தாள், நாற்பதும் சரி. ஆனாலும் அவளுக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது.

"உண்மையச் சொல்லுடா. எல்லாச் சோதனையும் ஓடுச்சுல்ல?"

"கடைசி வரிய நீயும்தான பாத்த?"

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

நவம்பர் இருபத்தாறு, வேலை விட்ட நேரம். குன்றின் மேல் நிலையத்தில் ஹிமேனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "படியில எறங்க முழங்கால் விடமாட்டேங்குதுடா. நீயும் வண்டியிலயே வாயேன், பேசிக்கிட்டே போலாம்."

"எனக்கு நடந்தாத்தான் பசிக்கும்" என்றேன். அவளைக் கைத்தாங்கலாக உள்ளே உட்காரவைத்தேன். கதவைச் சாத்தியதும் நான்தான்.

இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை, ஹிமேனாவோடு சேர்த்துப் பதினொரு பேர் செத்ததாகப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அப்படி நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை, ஐயா. வேண்டுமானால் நிலையத்துக் காவலாளியைக் கேளுங்கள், அவருக்கு என்னைத் தெரியும். அக்டோபரிலிருந்து தினமும் வண்டியில் ஏறிவந்து படியில் இறங்கிப் போவேன், மழையிலும்கூட.