கார்டில் ஒட்டிய பொட்டு

தீர்த்தமலையிலிருந்து அரூர் செல்லும் பேருந்து, காலை 10.20. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவன் மனைவி. கைப்பேசியில் பாதி விலைக்கு டிவி வாங்கத் துடித்த கணவர், கிரெடிட் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

“பின்னாடி மூணு நம்பர் இருக்குமே, எங்க?”

“நான்தான் பொட்டு ஒட்டி மறைச்சேன். பேர் தெரியாத கடைக்கெல்லாம் நம்பரைக் குடுத்துடறீங்க.”

“பொட்டையும் காணோமே?”

“கோயிலுக்கு வர்ற அவசரத்துல வூட்ல வேற பொட்டு கிடைக்கல. அதையே உரிச்சு நெத்தியில வெச்சுக்கிட்டேன். நம்பரும் அதோடயே வந்துருச்சு.”

“அடியே, ரெண்டு நிமிஷத்துல ஆஃபர் முடியுது! சீக்கிரம் எடு அதை!”

பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி அந்த அம்மாள் கேட்டார்: “ஒரு டிவிக்காக, புருசன் உசுரோட இருக்கையிலயே பொட்டை எடுக்கச் சொல்றீங்களா?”

கணவர் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.