நிரம்பாத பஃபர்

சிக்கனமாக வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். ஜாவாவில் புரோகிராம் எழுதுகிற எவரும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள், சார்.

தாயில்பட்டிப் பக்கம் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறைக்கு எதிரே, வெட்டவெளியைத் தாண்டி ஒரு எல்.இ.டி. போர்டு உண்டு. அறையில் சூடு கூடினால் ‘வெளியே வரவும்’ என்று எழுத்து ஓடும், கூடவே மணியும் அடிக்கும். அந்தப் புரோகிராம் என்னுடையது.

சீசன் தொடங்கியதும் போர்மேன் செல்லச்சாமி வந்தார். "தம்பி, உங்க போர்டு எழுதுனதும் அம்புட்டுப் பேரும் வெளிய ஓடிருதாக. லோடு எப்படி ஏத்த? அதக் கழத்தவும் முடியாது, ஆய்வுக்கு வாறவுக கேப்பாக. ஏதாச்சும் பண்ணுங்க."

ஒரே ஒரு வரியைத்தான் நீக்கினேன். எழுதியதை உடனே அனுப்பு என்கிற வரி. அது இல்லாவிட்டால் எழுத்துகளும் மணிக்கான குறியும் பஃபர் என்கிற நினைவிடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆள் நிறைந்தால் மட்டும் கிளம்புகிற வேனைப் போல, அது நிரம்பினால்தான் போர்டுக்குப் போகும். நிரம்ப வெகுநாள் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

மருந்து கலக்கும் மாடத்தியக்கா, "இப்பத்தான் வேல நிம்மதியா ஓடுது, நல்லாயிருப்பீக தம்பி" என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்த வரியைக் கைதவறி நீக்கிவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். இல்லை. விபத்தன்று மதியம் சூடு ஏறுவதை ஆபீஸ் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாகப் பஃபரில் விழுந்தன. ஜன்னலைத் திறந்து "அக்கா, வெளிய வாங்க" என்று கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கூப்பிட்டால் போர்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சூடு தானாக இறங்கிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வெடித்த பிறகு புரோகிராமை மூடினேன். மிச்சமிருப்பதை எல்லாம் எழுதிவிட்டுத்தான் அது மூடும். மணி அடித்தது. ‘வெளியே வரவும், வெளியே வரவும்’ என்று போர்டில் வரிவரியாக ஓடியது. எதிரே அறை இல்லை, புகைதான் இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்காவின் மகள் பானுப்பிரியா, போர்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நின்றாள். இப்போதும் கண்ணை மூடினால் அவள் குரல் கேட்கிறது. தூங்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், சார். நான் எதையும் மறைக்கவில்லை. மாடத்தியக்காவுக்குச் சொல்ல வேண்டியதை, ஓர் எழுத்துகூட விடாமல் சொல்லிவிட்டேன்.