ஒரு ஆள் கடைக்கு ஒன்பது நாற்காலி

— அக்கா, அந்த நாற்காலியில உட்காராத, அது நேத்துதான் வந்துச்சு. இதுல உட்காரு. இதுவும் நேத்துதான் வந்துச்சு, ஆனா பரவாயில்ல.

— டேய், முடி வெட்டுறது நீ ஒருத்தன். நாற்காலி ஒன்பதா?

— ஒன்பது பேர் வரிசையா உட்காருவாங்க. நான் சக்கரம் வச்ச ஸ்டூல்ல சர்ருன்னு போய்க்கிட்டே இருப்பேன். முதல் ஆளுக்கு நுரை தடவுறதுக்குள்ள கடைசி ஆளுக்குக் கிருதா முடிஞ்சிருக்கும். அடுத்த மாசம் எதிர்க் கடையையும் எடுக்கிறேன். அதுக்கு அடுத்த மாசம்...

— மூச்சு விடுடா. தூங்குறியா இல்லையா?

— தூக்கமெல்லாம் சோம்பேறிங்களுக்குக்கா.

— மாத்திரை போடுறியா?

— அந்தக் கண்ணாடி கோணலா மாட்டியிருக்கில்ல?

— கண்ணாடி நேராத்தான் இருக்கு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— அது வலிப்பு மாத்திரைக்கா. டப்பாக்குள்ள இருந்த சீட்டைப் படிச்சேன். எனக்கு என்னைக்கு வலிப்பு வந்துச்சு? கால்வலிக்காரனுக்குக் கண்ணுல மருந்து ஊத்துன கதையா இருக்கு.

— சீட்டைப் பாதியில மடிச்சுட்டே போல. டாக்டரம்மா என் முன்னாடிதானே சொன்னாங்க? வலிப்பு மாத்திரையில சிலது, எல்லாம் இல்ல, சிலது, மனசு தறிகெட்டு ஏறுறதையும் கிணத்துல விழுறதையும் பிடிச்சு நிறுத்தும்னு. எப்படி நிறுத்துதுன்னு அவங்களுக்கே முழுசாத் தெரியாதாம். நிறுத்துதுல்ல, அது போதும்.

— முடி கொட்டுதுக்கா. அங்கங்க மண்டை தெரியுது. வழுக்கைத் தலையனை நம்பி எவன் தலையைக் கொடுப்பான்?

— போன தடவை நிறுத்தினியே, என்ன ஆச்சு? கொஞ்ச நாள் பறந்தே. அப்புறம் ஷட்டரை இறக்கிட்டு என் வீட்டுச் சுவத்தைப் பார்த்துப் படுத்தவன், சோத்துத் தட்டை நீட்டினாக்கூடத் திரும்பல. அப்போ தலை நிறைய முடி இருந்துச்சு. என்ன பிரயோஜனம்?

— முடி இல்லக்கா.

— அதான் தெரியுதே.

— ஐயோ, காரணம் முடி இல்லங்கிறேன். கை. மாத்திரை போட்டா கை நடுங்குது. கத்தரியைக்கூட எப்படியோ சமாளிச்சிடலாம். சவரக்கத்தி அப்படி இல்ல. நம்பிக் கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை நிமித்திக் கொடுக்கிறாங்க. அன்னைக்கு ஒருத்தருக்குத் தாடைக்குக் கீழ கீறிட்டேன். அந்த ரத்தத்தைத் துடைச்ச கையோட மாத்திரையைத் தூக்கி வீசிட்டேன்.

— இதை டாக்டரம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே? அளவைக் குறைப்பாங்க, இல்ல வேற மாத்துவாங்க. நீயா நிறுத்துறதுக்கு இது என்ன குழாய்த் தண்ணியா?

— தொழிலை விட்டுடுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். எனக்கு வேற என்னக்கா தெரியும்?

— யாருக்குக் கீறினே?

— வேண்டாம், விடு.

— உன் மாமாவுக்குத்தானே?

— அவர் சொல்லிட்டாரா?

— எங்க சொன்னாரு? பூனை பிராண்டிடுச்சுன்னாரு. நம்ம வீட்டுல ஏதுடா பூனை?

— இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாமா முன்னாடி போய் நிப்பேன்?

— இருக்கிற மூஞ்சியோட வா. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வாசல்ல வண்டியோட நிக்கிறாரு. அன்னையிலருந்து புதர் மாதிரி தாடி வச்சுக்கிட்டு அலையுறாரு மனுஷன், வேற எவன்கிட்டயும் கழுத்தைக் கொடுக்க மாட்டாராம்.