நாவலுக்கு அழுதவர்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நாவல் படித்துக்கொண்டிருந்த கணவர் கண்ணைத் துடைத்தார்.

"பாவம் இந்தப் பொண்ணு. புருஷன் சண்டைக்குப் போயிட்டான். பட்டினி கெடந்து அவனுக்காகக் காத்திருக்கா."

"நீங்க சண்டைக்காலத்துல ரயில் வேலைக்கு அரபு தேசத்துப் பாஸ்ராவுக்குப் போனப்ப நான் காத்திருக்கலையா? அரிசி கெடைக்காம மரவள்ளியை அவிச்சுக் குடுத்துத்தானே புள்ளையை வளர்த்தேன்? நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லி என்னைப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வந்தான். விளக்குமாத்தாலேயே விரட்டுனேன்."

"இதெல்லாம் நீ சொல்லவே இல்லையே!"

"நீங்க எங்க கேட்டீங்க? திரும்பி வந்த அன்னைக்கே கெழங்கு வேகலைன்னு கோவிச்சுக்கிட்டீங்க."

அவர் நாவலை மூடிவைத்தார். மனைவி பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு கேட்டு வந்தவன் யாருடி?"

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.