அடுப்பை அணைத்த நாள்

ஓடுகிறேன். கையில் வெங்காயம் நறுக்கிய கத்தி. காலில் செருப்பு இல்லை. சிமெண்டுத் தரை சுடுகிறது. துறைமுகத்துப் பக்கமிருந்து சைரன். முதலில் நீளமாக ஓர் ஊளை. பிறகு விட்டு விட்டு. அதற்கு மேலே வேறொரு சத்தம். தகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழிப்பது போல.

யாரோ இந்தியில் கத்துகிறார்கள். படு. படு. கீழே படு.

மாசி மாதம். வியாழக்கிழமை. நடுப்பகல். வளைகுடாவில் ஒரு துறைமுக ஊர். தொழிலாளர் முகாமில் நாங்கள் இரண்டு பேர் சமையல்காரர்கள். நான் செய்யது, தென்காசிக்காரன். இன்னொருவர் செல்லத்துரை அண்ணன், கடையம். ஒரே அறை. ஒரே அடுப்படி. ஊருக்குப் போனால் குற்றாலத்தில் சேர்ந்து ஒரு கடை போடுவோம் என்று பேசிக்கொண்டே இருந்தோம்.

அண்ணன் எனக்கு முன்னால் ஓடினார். பாதியில் நின்றார். திரும்பினார். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சமையல் கூடத்தை ஒட்டித் தகரக் கொட்டகை. இரவு வேலை பார்த்தவர்கள் அதில் தூங்குகிறார்கள். தீ பிடித்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

"நீ போலே. கேஸ அடைச்சிட்டு வாரேன்."

நான் போனேன். சாக்கடைப் பாலத்தின் அடியில் நுழைந்தேன். கொட்டகையிலிருந்து ஆட்கள் லுங்கியோடு ஓடி வருகிறார்கள். அண்ணன்தான் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறார். அடுத்த குண்டு சமையல் கூடத்தின் வாசலில் விழுந்தது. என் இடது காது கடைசியாகக் கேட்ட சத்தம் அது. பிறகு அந்தப் பக்கம் மௌனம். இன்றுவரை மௌனம்.

உள்ளே போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வால்வு இறுக்கி மூடியிருந்தது.

அண்ணனின் உடல் திருவனந்தபுரம் வழியாக வந்தது. நானும் அதே விமானம். ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி. ஆம்புலன்ஸின் முன் இருக்கையில் நான். மழை இல்லை. மலை காய்ந்து கிடந்தது. கடையத்தில் அவர் வீட்டு முன்னால் தெருவே நின்றது. அவர் மனைவி பேச்சியம்மாள், நான் மைனி என்று கூப்பிடுகிறவர், பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அடைச்சாரா?"

கேஸைத்தான் கேட்கிறார். அண்ணனின் கடைசி வார்த்தையை நான் போனில் முன்பே சொல்லியிருந்தேன்.

"அடைச்சிட்டாரு மைனி. அத்தன பேரும் தப்பிச்சிட்டாங்க."

அதன் பிறகுதான் அழுதார்.

இனி ஊரில் நடந்தது.

அந்தப் போரை நம் அரசாங்கம் தொடங்கவில்லை. தொடங்கியது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் போர் வந்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் கேஸ் இல்லை, டீசல் இல்லை. இதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்து வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டும் செய்யவில்லை. தட்டுப்பாடே இல்லை என்றார்கள். வதந்தி என்றார்கள். தினமும் டிவியில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார். பொருளாதாரம் பலமாக இருக்கிறது என்றார். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகள் லாரி கிடைக்காமல் மஞ்சளாகிப் பழுத்து வழிந்தன. வாடை ரோடு வரை வந்தது. அப்போதும் பலமாக இருக்கிறது என்றார்.

திரும்பி வந்தவர்களுக்குக் கடன் என்று அறிவித்தார்கள். போனேன். வங்கியில் ஒரு பெண் அதிகாரி சொத்துப் பத்திரம் கேட்டார். பத்திரம் இருந்தால் நான் ஏன் கடல் தாண்டிப் போகிறேன் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் தப்பு இல்லை. இறந்தவர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை என்றார்கள். மைனி அதற்கும் நடந்தார். போகும்போதெல்லாம் இன்னொரு காகிதம் குறைந்தது.

வைகாசியில் கடை போட்டோம். அண்ணன் ஆசைப்பட்ட அதே குற்றாலம். அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு சின்ன இடம். என் மனைவி ஜன்னத் வளையல்களைக் கழற்றித் தந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகத் தந்தாள். நான் சால்னா. மைனி பரோட்டாவுக்கு மாவு பிசைந்து வீசுவார். அந்த ரோட்டில் பரோட்டாக் கல் முன்னால் நின்ற ஒரே பெண் அவர்தான். முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இரண்டாவது வாரம் சாப்பிட வந்தார்கள்.

பக்கத்துக் கடை சுப்பையா அண்ணாச்சியுடையது. டீக்கடை. எங்கள் மேல் அவருக்குப் பிரியம். சிலிண்டர் கடன் தருவார், வாங்குவார். பிறகு கடைகளுக்குத் தருகிற பெரிய சிலிண்டர் வருவது நின்றது. வந்தாலும் கள்ள விலை. விறகுக்கு மாறினோம். எல்லோரும் மாறினார்கள், விறகும் எட்டாத விலைக்குப் போனது. மலையில் ஒரு சுள்ளியைத் தொட்டாலும் வழக்கு. அண்ணாச்சி வீட்டு சிலிண்டருக்காவது பதியலாம் என்று தென்காசிக்குப் போனார். கேஸ் ஏஜென்சி வரிசையில் நின்றார். நானும் பின்னால் நின்றேன். சாரல் இன்னும் வராத வெயில். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து ஒரு குரல், இன்றைக்கு லோடு இல்லை. அண்ணாச்சி திரும்பி என்னிடம் என்னவோ சொன்னார். என் இடது பக்கமாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. என்ன அண்ணாச்சி என்று காதைத் திருப்புவதற்குள் விழுந்துவிட்டார். டங் என்று காலி சிலிண்டர் ஒன்று சாய்ந்து உருண்டது. ஆட்டோவில் என் மடியில் கிடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

வரிசையில் யாரும் இறக்கவில்லை என்று மறுநாள் டிவியில் சொன்னார்கள். அவருக்கு ஏற்கனவே நெஞ்சுவலி இருந்ததாம். இருந்தது. அதற்காக அவர் வரிசையில் விழவில்லை என்று ஆகிவிடுமா?

ஆனி பிறந்தது. சாரல் வந்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது. கூட்டம் வருகிறது. குளித்துவிட்டுப் பசியோடு தலை துவட்டிக்கொண்டு வருகிறார்கள். கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. குழந்தைகள் பிஸ்கட் தின்கின்றன. இந்த ரோட்டுக் கடைக்காரர்கள் வருஷம் முழுவதும் காத்திருப்பது இந்தச் சில வாரங்களுக்குத்தான்.

அந்த வாரம்தான் செய்தி வந்தது. தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் அருவிக்கு வருகிறார். பெயர் வேண்டாம். பெயரால் இங்கே ஒன்றும் மாறப்போவதில்லை.

காலையில் ஒரு லாரி வந்தது. பார்த்ததும் நம்ப முடியவில்லை. நிறைய சிலிண்டர்கள். கடைக்கு ஒன்று. சீல் உடைக்காதது. கூட ஓர் அதிகாரி. சிரித்த முகம். எல்லாக் கடையும் திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், டிவிக்காரர்கள் வருவார்கள் என்றார். சாயங்காலம் லாரி திரும்ப வரும், மிச்சத்தோடு சிலிண்டரைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்னதை மெதுவாகச் சொன்னார். மைனிக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

நான் ரெகுலேட்டரை மாட்டினேன். சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. நீல ஜுவாலை பார்த்து எத்தனையோ நாள். கல் சூடேறியது. எண்ணெய் வாசனை. மைனி மாவை எடுத்தார். உருட்டினார். பிறகு கையைத் துடைத்தார். குனிந்து வால்வைத் திருகி மூடினார்.

"வேண்டாம் தம்பி. அண்ணாச்சி செத்த அன்னைக்கு இல்லாத கேஸு இன்னைக்கு எங்கேருந்து வருது? படம் புடிக்கத்தான் வருது. நம்ம அடுப்பு பொய் சொல்லக் கூடாது."

கல் குளிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றினேன்.

அவர் கடை கடையாகப் போனார். கத்தவில்லை. ஒவ்வொரு கடையிலும் என்னிடம் சொன்னதையேதான் சொன்னார். ஹல்வா கடைக்காரர் முதலில் தயங்கினார். மகள் கல்யாணம் இருக்கிறது, வம்பு வேண்டாம் என்றார். மைனி சரி என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார். அவர் நகர்ந்ததும் ஹல்வா கடை அடுப்பும் அணைந்தது. லாரிக்காரர் கொடுத்த சிலிண்டர்களையெல்லாம் அடைத்து ஓரமாக வைத்தோம். எங்கள் காலி சிலிண்டர்களை ரோட்டுக்குக் கொண்டு வந்தோம். உருட்டினோம். தார் ரோட்டில் காலி சிலிண்டர் உருளும் சத்தம் உங்களுக்குத் தெரியுமா? அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். கரண்டியால் தட்டினால் மணி போலக் கேட்கும். நிறைந்த சிலிண்டர் அப்படிக் கேட்காது. அதில் ஒரு மொத்தையான சத்தம்தான் வரும். குளிக்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஈரத் துண்டோடு, சொட்டச் சொட்ட. யாரும் அழைக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். மதுரைக்காரர் ஒருவர் எங்கள் கரண்டியைக் கேட்டு வாங்கித் தட்டினார்.

கார்கள் வந்தன. நின்றன. போலீஸ் முன்னால் வந்தது. கலைந்து போ என்று மைக்கில் சத்தம். ஒருமுறை. இரண்டாம் முறை. தட்டுகிற சத்தம் அதைவிடப் பெரிதாகியது. நடுக்காரின் கண்ணாடி பாதி இறங்கியது. மைனி தன் காலி சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். தட்டுவது நின்றது. சாரல் விழும் சத்தம் மட்டும்.

"அய்யா, இதத் தூக்கிப் பாருங்க. ஒண்ணும் இல்ல. காலையில உங்களுக்காகத்தான் எங்களுக்கு கேஸ் தந்தாவ. சாயங்காலம் தூக்கிட்டுப் போயிருவாவ. என் வீட்டுக்காரர் கேஸ அடைக்கப் போயித்தான் செத்தாரு. எனக்குத் தெரியும், போர் வந்தா கஷ்டம் வரும். கஷ்டத்தச் சொல்லுங்க, சேர்ந்து படுதோம். இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க போயிருவிய. நாங்க இங்கனதான் கெடக்கணும்."

அவர் கேட்டார். முழுவதும் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். பார்க்கிறேன்மா என்றார். கண்ணாடி ஏறியது.

பிறகு தடி.

வலது பக்கமிருந்து ஒரு கத்தல் கேட்டது. ஓடுங்க, பிள்ளையத் தூக்கிட்டு ஓடுங்க. இடது பக்கமிருந்து வந்த தடியை நான் கேட்கவில்லை. தோளில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஈரத் துண்டுகள் ரோட்டில் கிடந்தன. சிலிண்டர்கள் சரிவில் தாமாக உருண்டன. நான் ஓடவில்லை. ஒருமுறை ஓடிவிட்டேன். அண்ணன் போகச் சொன்னார், அதனால் ஓடினேன். இங்கே யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மைனி சிலிண்டரை விடவில்லை. விடு என்கிறார்கள். விடவில்லை. மணிக்கட்டில் ஓர் அடி. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அதை என் ஒற்றைக் காதால் கேட்டேன். கூட்டம் நடுவே, மழை நடுவே, தெளிவாகக் கேட்டேன்.

எங்களையும் மற்றக் கடைக்காரர்களையும் வேனில் ஏற்றினார்கள். மைனி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் இருந்த இளம் போலீஸ்காரன் தன் கைக்குட்டையைக் கட்டுப்போடக் கொடுத்தான். எந்த ஊர் என்று மைனி கேட்டார். ஆய்க்குடி என்றான். உங்க வீட்டுல கேஸ் இருக்கா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினான். வெளியே பார்த்துக்கொண்டான்.

எங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். பொதுமக்களுக்கு இடையூறு. இன்னும் என்னென்னவோ. எங்கள் கடைக்கு மட்டும் சீல் வைத்தார்கள். டிவியில் அன்று மாலை அருவியைக் காட்டினார்கள். அருவி அழகாக விழுந்தது. ஆனால் மதுரைக்காரர் போனில் எடுத்த படம் ஊர் ஊராகப் போனது. மைனியின் குரல் போனது. மறு வாரம் செங்கோட்டையில் காலி சிலிண்டரைத் தட்டினார்கள். பிறகு கடையநல்லூரில். பிறகு நான் போகாத ஊர்களில். தட்டுப்பாடு இருக்கிறது என்று டிவிச் சட்டைக்காரர் முதல் தடவையாகச் சொன்னார். தற்காலிகமானது என்றார். அதையாவது சொன்னார்.

வாய்தா வருகிறது. போகிறோம். எங்கள் வக்கீல் நல்ல மனிதர், காசு வாங்குவதில்லை. அவர் ஒரு வழி சொன்னார். நடந்ததற்கு வருந்துகிறோம் என்று ஆளுக்கொரு கையெழுத்து. வழக்கு போய்விடும். கடைச் சீலும் உடையும். கோர்ட் வாசலில், வேப்பமரத்தடியில் சொன்னார். எல்லோரும் மைனியைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. அவரவர் இஷ்டம் என்றார். வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிறவர்கள் போடலாம், நான் ஒரு வார்த்தை தப்பாக நினைக்க மாட்டேன் என்றார். ஹல்வா கடைக்காரரிடம் வக்கீல் பேனாவை நீட்டினார். மகள் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. அவர் பேனாவை வாங்கினார். மூடியைப் போட்டார். திருப்பிக் கொடுத்தார்.

இழப்பைச் சொல்லி முடிக்கிறேன். மறக்கக் கூடாது என்பதற்காக.

செல்லத்துரை. கடையம். சமையல்காரர். தூங்கியவர்களை எழுப்பிவிட்டு இறந்தார்.

சுப்பையா. டீக்கடைக்காரர். வரிசையில் நிற்கும்போது விழுந்து இறந்தார். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதும் போயிற்று.

பேச்சியம்மாளின் வலது மணிக்கட்டு. கூடிவிட்டது, கோணலாக. இனி பரோட்டா வீச வராது.

என் இடது காது. ஜன்னத்தின் வளையல்கள். ஒரு கடை. ஒரு சீசன். அந்த ரோட்டில் பூட்டிய பிறகு திறக்காத கதவுகள். புளியங்குடியில் குழியில் கொட்டி மூடிய எலுமிச்சை.

வருந்துகிறோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள்: ஒருவரும் இல்லை.